கரண்ட் பில்லில் பிழை என்றால்: மலையக வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலோ) டவுனிலோ யாருக்காவது பில் திடீரென்று கூடிவிட்டால், பெரும்பாலும் அடுத்த நாளே வேலையை விட்டுவிட்டுக் கரண்ட் ஒபிசுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். கையில் அந்த ஒரு பில் மட்டும்தான் இருக்கும். "எங்க வீட்டுக்கு இவ்வளவு வராதுங்க ஐயா" என்பார்கள். "மீட்டர்ல என்ன நம்பர் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. ஒரு நாள் பேரும் (தோட்டத்து நாட்கூலியும்) பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

அப்படிப் போனவர்களோடு நானும் போயிருக்கிறேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்த பிறகுதான் விளங்கியது: ரூபாயைப் பற்றிப் பேசினால் முடிவு வராது, யூனிட்டையும் திகதியையும் பற்றிப் பேசினால்தான் வரும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒபிசுக்குப் போவது இதில் ஏழாவது படி.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பிழையான பில், அதற்கு முந்தைய ஆறு மாத பில்கள், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள். பழைய பில் இல்லாவிட்டால் போனில் வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ஆறு மாதம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மழைக்கால மாதத்தை வெயில்கால மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு பொருந்தாது.

அடுத்தது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டங்களில் இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இணைப்பு எடுத்த தாத்தா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், பில் இன்னும் அவர் பெயரில்தான் வரும். பெயர் உள்ளவர் உயிரோடு இருந்தால், அவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்திருந்தால், மரணச் சான்றிதழ்ப் பிரதியோடு நீங்கள் அந்த வீட்டில் வசிக்கிறீர்கள் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பெயர் மாற்றத்தை அதே நாளில் தொடங்காதீர்கள். இரண்டு விண்ணப்பத்தை ஒன்றாகக் கொடுத்தால், பெயர் மாறும்வரை பில் முறைப்பாடு காத்துக் கிடக்கும்.

கடைசியாக, நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. திகதி, நேரம், மீட்டர் எண், யாரோடு பேசினோம் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும்.

2. பில்லில் ரூபாயைப் பார்ப்பதற்கு முன் ஐந்து விடயம்

முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள், யூனிட்கள், முன்மாத நிலுவை. இந்த ஐந்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

நிலுவையை முதலில் பாருங்கள். "பில் இரட்டிப்பாகிவிட்டது" என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு யூனிட் கூடியிருக்காது, போன மாதக் கட்டணம் கணக்கில் சேராமல் இருக்கும். பில் அச்சடித்த பிறகு நீங்கள் கட்டியிருந்தால் அந்தப் பில்லில் அது தெரியாது. வாசிப்புத் திகதியையும் கட்டிய திகதியையும் ஒப்பிட்டால் போதும். கடையிலோ போனிலோ கட்டியிருந்தால் பற்றுச்சீட்டில் உள்ள கணக்கு இலக்கத்தின் 10 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஓர் எண் மாறியிருந்தால் உங்கள் காசு வேறொருவருடைய வீட்டுக் கணக்கில் இருக்கிறது. அதற்கான முறைப்பாடு வேறு. மீட்டரைத் தொடவே தேவையில்லை, பற்றுச்சீட்டு மட்டும் போதும்.

கட்டண வகையையும் ஒரு கண் பாருங்கள். வீடு, பொது நோக்கம், மத வழிபாட்டிடம் என்று தனித்தனி விலை உண்டு. தோட்டத்துக் கோயிலுக்கு வீட்டு வகையில் பில் வந்தால் வகையை மாற்றச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

3. மீட்டரைப் படம் எடுப்பது

பில் கிடைத்த அன்றே செய்யுங்கள். ஒரு வாரம் தள்ளினால் பாதி ஆதாரம் போய்விடும்.

படத்தில் எண்ணும் மீட்டர் இலக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். எண் மட்டும் உள்ள படம் யாருடைய மீட்டர் என்று நிரூபிக்காது. லயங்களில் நான்கைந்து மீட்டர் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும். அங்கே முதல் வேலை, பில்லில் உள்ள மீட்டர் இலக்கமும் உங்கள் மீட்டரில் பொறித்த இலக்கமும் ஒன்றுதானா என்று பார்ப்பது. பக்கத்து வீட்டு மீட்டரோடு மாறிக் கிடந்தால் பிரச்சினை அங்கேயே விளங்கிவிடும்.

பழைய தட்டு மீட்டரில் கடைசியாகச் சிவப்பில் ஓர் எண் இருந்தால் அது யூனிட்டின் பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்து வாசிக்கக் கூடாது. 04347க்குப் பிறகு சிவப்பு 6 என்றால் வாசிப்பு 4347தான். இதை 43476 என்று எழுதிக்கொண்டு போய் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் சொன்ன சரியான விடயத்தைக்கூட யாரும் நம்பவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. பனியும் மழையும் உள்ள மாதங்களில் மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடும். 3உம் 8உம், 1உம் 7உம் ஒன்றுபோலத் தெரியும். வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, டோர்ச்சைச் சாய்வாக அடித்துப் படம் எடுங்கள். உள்ளே ஆவி இருந்தால் இருந்தபடியே எடுங்கள், அதுவும் ஆதாரம். மூடியைத் திறப்பதும் சீலைத் தொடுவதும் கூடவே கூடாது. சீல் உடைந்திருந்தால் முறைப்பாடு செய்ய வந்த நீங்கள் குற்றம் செய்தவராகிவிடுவீர்கள்.

4. மூன்று கணக்கு

முதலாவது: பில்லில் உள்ள தற்போதைய வாசிப்பு, இன்று மீட்டரில் உள்ள எண்ணைவிடக் கூடுதலா?

உதாரணமாக, முந்தைய வாசிப்பு 4312, பில்லில் தற்போதைய வாசிப்பு 4374, எனவே 62 யூனிட். வாசித்து எட்டு நாள் கழித்து, பில் கைக்குக் கிடைத்த அன்று நீங்கள் எடுத்த படத்தில் 4357. மீட்டர் பின்னோக்கிப் போகாது. வாசித்த அன்று அது 4374 ஆக இருந்திருக்க முடியாது. 4347ஐ 4374 என்று எழுதியிருக்கலாம், அல்லது வாசிக்காமல் மதிப்பீடு போட்டிருக்கலாம். காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அந்தப் படம் போதும். இதைவிட வலுவான ஆதாரம் வேறு கிடையாது.

இந்த இடத்தில் பலர் சொல்வார்கள்: "விடுங்க, அடுத்த மாசம் குறைஞ்சிரும்." யூனிட் குறையும், பணம் சரியாகாது. வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட் என்பது ஒரு வரம்பு. அதற்குள் இருந்தால் குறைந்த விலை வரிசை. 60ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலை விழும். நிலையான கட்டணமும் ஏறும். மேலே சொன்ன வீட்டில் உண்மையான செலவு ஒரு மாதம் 35, அடுத்த மாதம் 38 என்று வையுங்கள். இரண்டுமே வரம்புக்குள். பிழையான வாசிப்பால் அது 62, 11 என்று பதிவாகும். கூட்டினால் அதே 73தான். ஆனால் முதல் மாதம் முழுவதும் கூடிய விலையில் போய்விட்டது. அதனால்தான் விட்டுவிடக் கூடாது என்கிறேன். குறைவாகப் பாவிக்கிற வீடுகளுக்குத்தான் இந்த நட்டம் அதிகம்.

இரண்டாவது: நாட்கள். மண் சரிந்து பாதை அடைபட்டால் மீட்டர் பார்க்க ஆள் வர முடியாது. பிறகு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே வாசிப்பு வரும். 61 நாளில் 84 யூனிட் என்றால் அது பெரிய செலவு அல்ல. வரம்புகள் 30 நாளுக்கு என்பதால் நாட்களுக்கேற்ப விரிய வேண்டும். 60ஐ 61ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 122. 84 அதற்குள் அடங்கும். பில்லில் நாட்கள் 30 என்று இருந்து, உங்கள் முந்தைய பில் இரண்டு மாதத்துக்கு முந்தியது என்றால் அங்கே பிழை இருக்கிறது. இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதிகளைக் கோடிடுங்கள்.

மூன்றாவது: அண்மையில் மீட்டர் மாற்றினார்களா? மாற்றியிருந்தால் பழைய மீட்டரின் கடைசி எண்ணும் புதிய மீட்டரின் தொடக்க எண்ணும் வேண்டும். மாற்ற வருகிற அன்று இரண்டையும் படம் எடுத்து வைக்காவிட்டால் பின்னால் எதையும் காட்ட முடியாது.

இந்த மூன்றில் ஒன்றிலாவது பிழை கிடைத்தால் அடுத்த படியைத் தாண்டி நேரே ஆறாவதுக்குப் போங்கள். கிடைக்காவிட்டால்தான் ஐந்தாவது.

5. எண் சரி, யூனிட் மட்டும் கூடியிருக்கிறது என்றால்

வாசிப்பு சரியாக இருந்தால், கரண்ட் உண்மையாகவே அந்த மீட்டர் வழியாகப் போயிருக்கிறது, அல்லது மீட்டர் பழுது. இரண்டில் எது என்று வீட்டிலேயே பெருமளவு கண்டுபிடிக்கலாம்.

மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு மீட்டரை ஐந்து நிமிடம் பாருங்கள். தட்டு சுழல்கிறதா, அல்லது சிவப்பு விளக்கு மின்னுகிறதா? எல்லாம் அணைந்தும் ஓடினால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடையில் ஏதோ இருக்கிறது, அல்லது மீட்டரே பழுது. அங்கே எதையும் தொடாமல் இலங்கை மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள்.

மெயினை அணைத்ததும் நின்றுவிட்டதா? அப்படியே வெளியே வந்து, யார் வீட்டு வெளிச்சம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு லயத்தில் அக்கா ஒருவருக்கு மூன்று மாதம் பில் கூடியது. மெயினை அணைத்தபோது பக்கத்துக் காம்பிராவின் (லயத்து வீட்டின்) குளிர்சாதனப் பெட்டி நின்றது. சாவு வீட்டுக்கு வெளிச்சம் போட இழுத்துக் கொடுத்த வயர், கருமாதி முடிந்தும் கழற்றப்படவில்லை. இரண்டு வீட்டாருக்கும் அது ஞாபகமே இல்லை. பக்கத்து வீட்டாரே கூடிய காசைக் கொடுத்தார்கள். முறைப்பாட்டோடு ஒபிசுக்குப் போயிருந்தால், அனுமதியில்லாத இணைப்பு என்று விடயம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

அடுத்து, மெயினைப் போட்டு, வீட்டுக்குள் எல்லாப் பொருட்களின் பிளக்கையும் கழற்றி, பல்புகளை அணையுங்கள். இன்னும் ஓடினால் வயரிங்கில் கசிவு. சிறு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். ஈரச் சுவர் உள்ள பழைய கட்டடங்களில் இது அபூர்வமல்ல. வயர்மேனைக் கூப்பிடுங்கள். இது காசுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

ஒன்றும் ஓடவில்லையா? கேத்தல் சோதனை செய்யுங்கள். கேத்தலின் அடியில் 1500 வோட்ஸ் என்று இருந்தால், நிரம்பத் தண்ணீர் வைத்து நான்கு நிமிடம் ஓட விடுங்கள். அதற்கு 0.1 யூனிட் செலவாகும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1600 என்று எழுதியிருந்தால் விளக்கு 160 தடவை மின்ன வேண்டும். லைனின் கடைசியில் உள்ள தோட்டங்களில் வோல்டேஜ் குறைவதால் 120 வரை இறங்கலாம், அது பழுதல்ல. 200ஐத் தாண்டினால் மீட்டரைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. ஸ்திரிக்கைப் பெட்டியில் இதைச் செய்யாதீர்கள். சூடேறியதும் தானாக அணைந்து அணைந்து எரியும், கணக்கு வராது.

கேத்தல் கணக்கும் சரியாக வந்தால், குளிர் மாதங்களில் என்ன மாறியது என்று யோசியுங்கள். 3000 வோட்ஸ் சுடுதண்ணி ஷவரில் நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் ஒரு நாளுக்கு 2 யூனிட். 30 நாளில் 60. அந்த ஷவர் ஒன்றே முழு வரம்பையும் தின்றுவிடும். விறகு நனைந்த காலத்தில் தண்ணீருக்குள் போடும் ஹீட்டர் கம்பியும் அப்படித்தான். பிள்ளைகளைக் குளிரில் குளிக்க வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் செலவை முறைப்பாடாகக் கொண்டு போனால் அது நிற்காது.

6. 1987க்கு அழைப்பு

மின்சார சபையின் 24 மணி நேர இலக்கம் 1987. சபையை வெவ்வேறு கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்யும் 36ஆம் இலக்கச் சட்டம் 2024இல் வந்தது. அதனால் பெயர்கள் மாறியிருந்தாலும், உங்கள் பில்லில் எந்தப் பெயரும் இலக்கமும் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

பேசும்போது முதலில் கணக்கு இலக்கம், பிறகு "பில்லில் வாசிப்பு 4374, இன்று மீட்டரில் 4357" என்ற ஒரே வசனம். கதை வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கொப்பியில் எழுதாமல் போனை வைக்காதீர்கள். அந்த இலக்கம் இல்லாவிட்டால் நீங்கள் அழைத்ததற்கே சாட்சி இல்லை.

7. கடிதமும் ஒபிசும்

பில்லில் எந்த நுகர்வோர் சேவை நிலையம் என்று இருக்கிறதோ அங்கே போங்கள். ஹட்டன் பக்கம் பஸ் வசதி என்று ஹட்டனுக்குப் போய், உங்கள் கணக்கு வேறு நிலையத்துக்கு உரியது என்று தெரிந்தால் அன்றைய நாள் வீண்.

வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் கடிதம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தெரியாத மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அதில் "மீட்டர் பழுது" என்று இருந்ததால் வாசிப்புப் பிழை முறைப்பாடு மீட்டர் சோதனையாக மாறிப்போனதைக் கண்டிருக்கிறேன். விளங்குகிற மொழியில் எழுதுங்கள்.

இவ்வளவு போதும் (பட்டியல் என்றால் பில், மானி என்றால் மீட்டர்):

"கணக்கு இலக்கம், மீட்டர் இலக்கம். விடயம்: ஜூலை மாதப் பட்டியலின் வாசிப்பைத் திருத்தல். மேற்படி பட்டியலில் தற்போதைய வாசிப்பு 4374 எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதன் பின் எட்டாம் நாள் மானியில் காணப்பட்ட வாசிப்பு 4357. படம் இணைக்கப்பட்டுள்ளது. 1987இல் பெற்ற முறைப்பாட்டு இலக்கம் இது. மானியை மீண்டும் வாசித்து, பட்டியலைத் திருத்தி, முடிவை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு கடிதத்தில் ஒரு குறை மட்டும். பில் பிழையோடு லயத்து லைன் தொங்குவதையும், மரக்கிளை வெட்டுவதையும் சேர்த்து எழுதினால் கடிதம் லைன் வேலைப் பகுதிக்குப் போய்விடும்.

இரண்டு பிரதி எடுங்கள். உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை கிடைக்காவிட்டால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். மூலப் பில்லையும் மூலப் பற்றுச்சீட்டையும் யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள்.

8. முடிவு வரும்வரை பணம்

கட்டாமல் இருக்காதீர்கள். கோபத்தில் கட்டாமல் விட்டால் நிலுவை சேர்ந்து, லைன் வெட்டும் அறிவித்தல் வந்து, மீள் இணைப்புக்கும் காசு கட்ட வேண்டிவரும். அந்தக் கட்டத்தில் யாரும் 4374ஐப் பற்றிப் பேச மாட்டார்கள்.

உங்கள் படத்தின்படி வரும் யூனிட்டுக்கோ, முந்தைய ஆறு மாதச் சராசரிக்கோ உரிய தொகையைக் கட்டுங்கள். கட்டிய தொகையையும், மிச்சம் முறைப்பாட்டில் இருப்பதையும் கடிதத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். "மீதித் தொகை முடிவாகும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள்.

9. மீட்டர் சோதனை

ஐந்தாவது படியில் மீட்டரில் சந்தேகம் வந்தவர்கள் மட்டும் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, பழுது என்று நிரூபணமானால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். சோதிக்க வரும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் "வீடு பூட்டியிருந்தது" என்று முடிந்துவிடும். மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனால் கடைசி எண்ணைப் படம் எடுத்து, எழுத்தில் ஒரு துண்டு வாங்குங்கள்.

10. பதில் வராவிட்டால்

முதலில் பிரதேச மின் பொறியியலாளருக்கு, முந்தைய கடிதத்தின் பிரதியோடு ஒரு கடிதம். அதன் பிறகுதான் கொழும்பு 3இல் உள்ள இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்துவது அதுதான், நுகர்வோர் பிணக்குகளையும் எடுத்துக்கொள்ளும். நேரே அங்கே போனால், முதலில் மின் வழங்குநரிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். முத்திரையிட்ட பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் அப்போது வேலை செய்யும்.

இன்னொரு கருவி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் கணக்கின் கடந்த 12 மாத வாசிப்புகள், வாசித்த திகதிகள், மீட்டர் சோதனை அறிக்கை ஆகியவற்றைத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இன்ன ஆவணத்தின் பிரதி" என்று கேளுங்கள்.

11. திருத்திய பின்

திருத்தம் பெரும்பாலும் காசாகக் கைக்கு வராது, அடுத்த பில்லில் கழிவாக வரும். தொகையை மட்டும் பார்க்காமல், அந்த மாதத்தை உண்மையான யூனிட்டுக்குரிய விலை வரிசையில் மறுபடி கணக்கிட்டார்களா என்று பாருங்கள். 27 யூனிட்டை மட்டும் கழித்துவிட்டு, மிச்ச 35ஐக் கூடிய விலையிலேயே வைத்திருந்தால் திருத்தம் பாதிதான் நடந்திருக்கிறது. அப்படியென்றால் அதே முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் எழுதுங்கள், புது முறைப்பாடு தொடங்காதீர்கள்.

அடுத்த மூன்று மாதம் மீட்டர் பார்க்க வருகிற அன்று நீங்களும் எண்ணை எழுதி வையுங்கள். பகலில் எல்லோரும் மலையில் இருக்கிற வீடு என்றால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். சிவப்பு எண்ணை விட்டுவிட்டு வாசிக்க ஒரு நாள் காட்டிக் கொடுத்தால் போதும்.